ஊர் பார்க்கும் இல்லறம்

ஆடிப்பூரத் திருவிழாவின் ஏழாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கிருஷ்ணன் கோவிலில் சயன சேவை நடக்கும். ரெங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலை சாய்த்துப் படுத்திருப்பார். அதைக் கண்டால் தம்பதியரிடையே பிணக்கு தீரும் என்பது நம்பிக்கை. அதனால் புதுமணத் தம்பதிகளும் நடுவயதுக்காரர்களும் கூட்டத்தில் முண்டியடித்துச் சேவிப்பார்கள். வீட்டின் உள்ளறையில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு காட்சி ஊர் முழுக்கப் பார்க்கும்படி வைக்கப்படுகிறது. மார்கழியில் பகல்பத்து தொடங்கும்போது ஆண்டாள் கணவரோடு பிறந்த வீட்டுக்கு வருவாள். வேதபிரான் பட்டர் திருமாளிகையில் காய்கனிகளைக் குவியலாகப் பரப்பி மகளையும் மருமகனையும் வரவேற்பார்கள். பச்சை பரப்புதல் என்று அதற்குப் பெயர். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். கல்யாணம், மறுவீடு, மடியில் தலை வைத்த ஓய்வு என்று ஒரு தம்பதியின் இல்லறம் ஆண்டு முழுவதும் இந்த ஊரின் கண்முன்னே நடக்கிறது.

அதே ஊரின் தேரடியில் இன்று இளம் தம்பதிகள் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கோவில், பால்கோவாக் கடை, ராஜபாளையத்து மாமியார் வீடு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, பிள்ளையின் முதல் நாள் பள்ளி எல்லாம் படமாகின்றன. ‘ஹாய் ஃபிரெண்ட்ஸ்’ என்று தொடங்கி ‘சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க’ என்று முடியும் இந்த வீடியோக்களைப் பலர் முகம் சுளித்தே பேசுகிறார்கள். வீட்டுச் சங்கதியை வீதிக்குக் கொண்டுவருவது நம் பண்பாடல்ல என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. இல்லறத்தைப் பொதுவில் வைப்பது இங்கே பழைய வழக்கம். எந்த வரம்புக்குள் வைத்தார்கள், அந்த வரம்பு இப்போது என்ன ஆயிற்று என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியை வெகுகாலம் முன்பே எதிர்கொண்டது. காதலையும் இல்லறத்தையும் பாடும் அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஊடலைச் சொல்லலாம், பரத்தையிடம் போன கணவனை வாசலில் நிறுத்தி வைத்ததைச் சொல்லலாம், பிள்ளை பெற்ற வீட்டின் பால் மணத்தைச் சொல்லலாம். யார் வீடு என்று மட்டும் சொல்லக்கூடாது. விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. கணவன் பாசறையில் இருக்க அரண்மனையில் தனித்திருக்கும் அரசியின் துயரைச் சொல்லும் பாட்டு அது. ஆனால் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு தழையால் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது, ஆகவே பாட்டு அகம் ஆகாது, புறம்தான் என்று உரைகாரர்கள் வகுத்தார்கள். வீட்டுக்குள் நடப்பதை உலகம் அறியலாம், அந்த வீட்டின் கதவு எண்ணை உலகம் அறியக்கூடாது என்ற தெளிவு அந்த வகுப்பில் இருக்கிறது. பாடப்பட்டவர்களின் அந்தரங்கம் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்த பழைய இலக்கணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த விதியை மீறியவள் இதே ஊர்க்காரி. நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில் ஆண்டாள் தன் காதலைத் தன் பெயரிலேயே சொல்கிறாள். பதிகங்களின் கடைசிப் பாடல்களில் வில்லிபுத்தூர் வருகிறது, தகப்பன் பெயர் வருகிறது, கோதை என்ற பெயரும் வருகிறது. ஊர், தகப்பன், ஆள் மூன்றும் தெரிந்த பிறகும் உடலின் ஏக்கத்தை மறைக்காமல் பாடினாள். வாரணம் ஆயிரம் பதிகத்தில் தன் கல்யாணக் கனவைத் தோழியிடம் சடங்கு சடங்காகச் சொல்கிறாள்: ஊர்வலம், பந்தல், கூறைப்புடவை, காப்புக் கட்டுதல், கைப்பிடித்தல், தீ வலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல். வைணவக் குடும்பத் திருமணங்களில் இன்றும் அதை ஓதுகிறார்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தன் வாயால், தன் பெயரில் சொல்லலாம் என்ற உரிமையை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது. அதனால்தான், செல்போன் முன் உட்கார்ந்து ‘இன்னைக்கு எங்க வீட்ல’ என்று பேசத் தொடங்கும் ராஜபாளையத்துப் பெண்ணை என்னால் இகழ முடியவில்லை. அவள் பேசுவது அவளுடைய வாழ்க்கை.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் காசும் இருக்கிறது. ராஜபாளையம் உழைப்பால் எழுந்த ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பிறகு நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் மருத்துவமனைக் காயக்கட்டுத் துணி நெய்கிறார்கள். தறி ஓடும் வீடு, தீப்பெட்டி ஒட்டும் திண்ணை என்று வீடே வேலைத்தலமாக இருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கல்யாணமான பிறகு மில்லுக்குப் போக முடியாத பெண், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்க ஒரு வழி தேடுவது இயல்பு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையம் மலிந்தது. டிக்டாக்கில் கணவனும் மனைவியும் சினிமா வசனத்துக்கு வாயசைத்துப் பழகினார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் அந்தக் கூட்டம் யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பெயர்ந்தது.

யூடியூபின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் குணம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. நீள வீடியோக்களின் வழியாக விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், 12 மாதத்துக்குள் மொத்தம் 4,000 மணி நேரம் மற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் நீள வீடியோவுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் படம் போட்டவருக்கு. 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். மாதம் ஒரு வீடியோ போட்டால் இந்தக் கணக்கு எட்டாது. அடிக்கடி போட வேண்டும், முடிந்தால் தினமும். சமையல் சேனலுக்குப் பதார்த்தம் தீர்ந்துபோகும். ஊர் சுற்றிக் காட்டும் சேனலுக்குப் பெட்ரோல் செலவு. செலவில்லாமல் தினமும் புதிதாகக் கிடைக்கும் சரக்கு இல்லறம் ஒன்றுதான். காலை காபி, மாமியார் வருகை, புதுப் பிரிட்ஜ், வளைகாப்பு, ஆஸ்பத்திரி, சண்டை, சமாதானம். இதில் சண்டைக்கும் அழுகைக்கும் கூட்டம் சேரும் என்பது சேனல் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். நல்ல நாளில் எடுத்த வீடியோவுக்கும் ‘இனிமே சேர்ந்து வாழ முடியாது’ என்று முகப்புப் படத்தில் எழுதி வைக்கிறார்கள். நாளடைவில் எது நடந்தது, எது கேமராவுக்காக நடத்தப்பட்டது என்ற பிரிவு அந்த இரண்டு பேருக்கே மங்கிவிடும் என்றுதான் நான் அஞ்சுகிறேன்.

தென்மாவட்டங்களில் இந்த வெளிச்சத்துக்கு இன்னொரு பயன் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் கோணலாகிவிடும். சாதி மாறிக் காதலித்து மணந்தவர்கள் முதலில் செய்வது ஒரு வீடியோ எடுப்பது. ‘நாங்க ரெண்டு பேரும் மேஜர், என்னை யாரும் கடத்தல, என் விருப்பத்தோட கல்யாணம் பண்ணிக்கிட்டேன், எங்களுக்குப் பாதுகாப்பு வேணும்’ என்று அந்தப் பெண் பேசுவாள். வாட்ஸ்அப்பில் அது பரவிய பிறகு அவளை ஓசைப்படாமல் இழுத்துக்கொண்டு போவது கடினம். இத்தகைய தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018 மார்ச் 27-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு தம் வாசலுக்கு வந்து சேரும்வரை பலருக்குக் காவல் நிற்பது அந்த ஒரு நிமிட வீடியோ. ஊர் பார்ப்பது உயிரைக் காக்கும் இடங்களும் இருக்கின்றன.

தென்கொரியாவை இங்கே கொண்டுவரக் காரணம் உண்டு. கொரியத் தொடர்கள் தமிழ்க் குரலில் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. கொரியத் தம்பதிகள் தங்கள் அன்றாடத்தைப் படம்பிடித்துப் போடும் வீடியோக்களைத் தமிழ்ப் பிள்ளைகள் சிறு எழுத்து வசனங்களோடு பார்க்கிறார்கள். அந்த நாட்டில் கல்யாணமே அருகி வந்தது. 2012-இல் சுமார் 3,27,000 திருமணங்கள் பதிவாயின. 2023-இல் அது சுமார் 1,94,000. அதே ஆண்டு ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 0.72. தனியாக வாழ்பவர்கள் பெருகிய நாட்டில் அடுத்தவரின் இல்லறத்தைப் பார்க்கும் ஆவல் பெருகியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தகப்பன்மார் தனியாகப் பிள்ளை வளர்ப்பதைக் காட்டும் ‘சூப்பர்மேன் திரும்பினார்’ நிகழ்ச்சியைக் கேபிஎஸ் தொலைக்காட்சி 2013-இல் தொடங்கியது. பிரபலத் தம்பதிகளின் வீட்டுக்குள் நுழையும் ‘ஒரே படுக்கை, வேறு கனவுகள்’ நிகழ்ச்சியின் இரண்டாம் வரிசை எஸ்பிஎஸ்ஸில் 2017-இல் வந்தது. இந்தத் தொலைக்காட்சிப் பழக்கத்தின் மேல்தான் இன்றைய கொரியத் தம்பதி சேனல்கள் வளர்ந்திருக்கின்றன.

ஆனால் கொரியா நமக்குத் தரும் பெரிய பாடம் ஒரு முதிய தம்பதியின் கதையில் இருக்கிறது. காங்வொன் மாகாணத்தின் மலைக் கிராமத்தில் 76 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். கணவருக்கு 98 வயது, மனைவிக்கு 89. இருவரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, உதிர்ந்த இலைகளை ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடுவார்கள். 2011-இல் கேபிஎஸ் தொலைக்காட்சியின் ஆவணத்தொடர் ஒன்று அவர்களைக் காட்டியது. பிறகு இயக்குநர் ஜின் மோயங் அவர்களோடு பழகி எடுத்த ஆவணப்படம் 2014 நவம்பரில் திரைக்கு வந்தது. ‘அன்பே, அந்த ஆற்றைக் கடக்காதே’ என்பது அதன் பெயர். சுமார் 48 லட்சம் பேர் திரையரங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். படம் வருவதற்குள் கணவர் இறந்துவிட்டார். பார்த்தவர்களும் நிருபர்களும் தனியாக இருந்த பாட்டியைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். அவர் அந்த வீட்டை விட்டுப் பிள்ளைகளிடம் போக நேர்ந்தது. பாட்டியைத் தேடிப் போகாதீர்கள் என்று இயக்குநர் பகிரங்கமாகக் கெஞ்சினார்.

இயக்குநர் பயந்ததற்கு முன்கதை இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அதே கேபிஎஸ் தொடரில், மலைக்காட்டில் தகப்பனோடு தனியாக வாழ்ந்த ஒரு பெண்ணைக் காட்டினார்கள். நாடே அவளை நேசித்தது, விளம்பரத்திலும் தோன்றினாள். விளம்பரப் பணம் வீட்டில் இருக்கும் என்று நினைத்த ஒருவன் 2001-இல் அந்தத் தகப்பனைக் கொன்றான். மகள் உலகத்தை விட்டே விலகிப் பௌத்தத் துறவியானாள். பார்த்தவர்களில் மிகப்பெரும்பாலோர் அன்போடுதான் பார்த்தார்கள். லட்சம் பேரில் ஒருவன் போதுமாக இருந்தது. பெயரும் இடமும் சொல்லாதே என்ற தொல்காப்பிய விதியின் அருமை எனக்கு இந்தச் செய்தியில்தான் முழுதாகப் புரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலுக்கும் பெயர் உண்டு, இடம் உண்டு. இருந்தும் அங்கே அந்த இல்லறம் சிதையாமல் இருக்கிறது. ஏன் என்று யோசித்தால் திரை நினைவுக்கு வருகிறது. தளிகை அமுது செய்யும்போது திரை போடுவார்கள். அலங்காரம் நடக்கும்போது திரை. இரவில் பள்ளியறைச் சேவை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். வெளியே ஆயிரம் பேர் நின்றாலும் ஒன்றுதான், பத்துப் பேர் நின்றாலும் ஒன்றுதான். எப்போது காட்டுவது, எப்போது மறைப்பது என்பது கூட்டத்தின் ஆவலைப் பார்த்து முடிவாவதில்லை. முன்கூட்டியே தீர்மானமான முறை அது. தம்பதி சேனல்களில் நிலைமை நேர் தலைகீழ். இங்கே திரையை விலக்குவது எண்ணிக்கை. எந்த வீடியோவுக்கு வியூஸ் ஏறியதோ, அடுத்த வீடியோ அந்தப் பக்கமே சாய்கிறது. கருச்சிதைவைப் பற்றி அழுதபடி பேசியது லட்சம் பேரை எட்டினால், அடுத்த முறை மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே பேசச் சொல்லும் அந்தக் கணக்கு.

தமிழகத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024-இல் பார்த்தோம். உணவு வீடியோக்களால் புகழ்பெற்ற யூடியூபர் இர்ஃபான், மனைவி வயிற்றிலிருந்த குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் துபாயில் பரிசோதித்து அறிந்து, அதை ஒரு விருந்தில் அறிவிக்கும் வீடியோவை மே மாதம் வெளியிட்டார். கருவின் பாலினத்தை வெளியிடுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கினார். அக்டோபரில் அறுவை அரங்குக்குள் குழந்தையின் தொப்புள் கொடியை அவரே வெட்டும் வீடியோ வந்தது. மருத்துவமனைமேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. பெண்சிசுக் கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் கண்ட மாநிலம் இது. அதனால் சட்டம் பேசியது சரி. ஆனால் அன்று நடந்த விவாதம் முழுவதும் தகப்பனைப் பற்றியும் மருத்துவர்களைப் பற்றியுமே இருந்தது. பிறக்கும் முன்பே பார்வையாளர்கள் கிடைத்துவிட்ட அந்தக் குழந்தையின் உரிமையைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

கணவனும் மனைவியும் வயதுவந்தவர்கள். தங்கள் வாழ்க்கையைக் காட்ட அவர்களுக்கு உரிமை உண்டு, பின்னால் வருந்தவும் உரிமை உண்டு. பிள்ளைக்கு அந்த இரண்டு வாய்ப்புமே தரப்படவில்லை. ஜட்டியோடு அழுததும், முதல் மாதவிடாய்க்கு வீட்டில் நடந்த சடங்கும், கணக்குப் பரீட்சையில் தோற்றதும் பத்து வருடம் கழித்து வகுப்பில் யாராவது தேடினால் கிடைக்கும். சிறுவர் தோன்றும் வீடியோக்களின் கீழே தகாதவர்கள் கூடுவது அம்பலமானதால் 2019 பிப்ரவரியில் யூடியூபே அத்தகைய வீடியோக்களில் கருத்துப் பகுதியை மூடியது. நிறுவனமே அபாயத்தை ஒப்புக்கொண்ட பிறகும் பெற்றோர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

இங்கேதான் இந்த மண்ணின் வரலாறு முன்னால் வந்து நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர் சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்கள் உழைத்ததைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. இந்தியக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பெரிதும் கற்றுக்கொண்டது இந்த மாவட்டத்திடம்தான். அப்போதும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியது வீடு. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தார் உதவியோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்தது. ஆலையை விட்டு வெளியே வந்த வேலை திண்ணைக்குப் போனது. அம்மாவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பிள்ளை தொழிலாளியாகக் கணக்கில் வரவில்லை.

கேமரா முன் நிற்கும் பிள்ளையும் இன்று அதே இடுக்கில் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு விலக்குகளைத் தந்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்பது ஒன்று. திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் போன்றவற்றில் கலைஞராக நடிக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 2017 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமான வங்கியில் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். தம்பதி சேனலில் தயாரிப்பாளர் அப்பா, ஒளிப்பதிவாளர் அம்மா, படப்பிடிப்புத் தளம் அடுப்படி. பாசமாகப் பார்த்தால் வீட்டுப் படம், பணமாகப் பார்த்தால் விளம்பரம் ஓடும் தொழில். பணம் வரத் தொடங்கியதும் அது இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே என் துணிபு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. வெளியிடுபவரே பெற்றோராக இருக்கும்போது அந்த ஒப்புதல் பிள்ளையைக் காப்பதில்லை.

வேறு நாடுகள் வழி காட்டியிருக்கின்றன. பிரான்ஸ் 2020 அக்டோபரில் இயற்றிய சட்டம், இணைய வீடியோவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஈட்டும் பணத்தைப் பொதுக் கணக்கில் பூட்டி வைக்கிறது. தன் படத்தை நீக்கச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கே நேரடியாகத் தருகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் குடும்ப வீடியோவில் தோன்றும் பிள்ளைக்கு வருமானத்தில் பங்கு உண்டு. கொரியாவின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2023 ஏப்ரலில், சிறுவயதில் தாங்கள் போட்ட பதிவுகளை அழிக்க இளைஞர்களுக்கு உதவும் சேவையைத் தொடங்கியது. அதற்கு ‘அழிப்பான்’ என்றே பெயர் வைத்தார்கள். பெற்றோர் போட்ட பதிவுகள்தான் அடுத்துத் தீர்க்க வேண்டிய சிக்கல்.

நம் மாவட்டம் சென்னைக்கோ டெல்லிக்கோ காத்திருக்கத் தேவையில்லை. அனுமதி வழங்கும் அதிகாரம் விருதுநகர் ஆட்சியரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பணம் ஈட்டும் குடும்பச் சேனல்கள் 2017 விதிக்குள் வரும் என்று ஆட்சியர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டால், பள்ளிகள் வழியாகவே அது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரும். அதுவரைக்கும், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேனல் நடத்தும் தம்பதியரிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள், உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். பள்ளிச் சீருடையும் தெருப்பெயரும் தெரியும் பழைய வீடியோக்களை இன்றே எடுத்துவிடுங்கள். பிள்ளையின் நோய், அழுகை, குளியல், சடங்கு எதையும் இனிமேல் போடாதீர்கள். இதுவரை வந்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிள்ளை பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள்.